மூன்று ஒன்பதுகள்

பீல் நகரத்தில் எந்தச் சண்டையும் இரண்டு மொழியில்தான்.
வூத்ரிக் ஜேர்மனில் தொடங்குவார்,
ஜானரே பிரெஞ்சில் மறுப்பார்,
நடுவில் பியரின் நுரை அடங்கிப்போகும்.
கழகத்தின் பெரிய ஒன்பது ஆர்?
ஆஷ்லிமானா, க்ராஸ்னிச்சியா,
இப்போது ஆடுகிற பொடியன் முவாம்பாவா?
அந்தக் காலத்துப் பின்வரிசை கசாப்புக்காரர்,
இந்தக் காலத்துப் பின்வரிசை கணக்காளர் என்று
கோப்பை வைக்கும் அட்டையின் பின்புறமெல்லாம்
பெருக்கல், வகுத்தல்.

சுவருக்கு இந்தப் பக்கம் நான்.
தொண்ணூறாம் ஆண்டு மார்கழியிலிருந்து
உடுப்புத் தோய்க்கிறேன்.
நாலு மெஷின் மாறிவிட்டது.
ஆட்டம் பார்ப்பதில்லை. பெரிய அணி ஆடும் நேரம்
சின்னப் பொடியளின் உடுப்பு சுழன்றுகொண்டிருக்கும்.
சனம் இருக்கும் படிக்கட்டுத்தான் எனக்குக் கூரை.
அது இடிந்தால் கோல்.
ஆருடையது என்று பிறகு துணி சொல்லும்.

ஆஷ்லிமானின் சட்டை பருத்தி.
மழையில் நனைந்தால் கைக்குழந்தைப் பாரம்.
காலையில் தபால் போட்டு
பின்னேரம் தலையால் கோல் போட்ட மனிதர்.
கொலரில் எப்போதும் ரத்தம்.
குளிர்ந்த தண்ணீர், ஒரு பிடி உப்பு.
வெந்நீர் பட்டால் கறை குடியேறிவிடும்,
விசா கேட்காமலே.

க்ராஸ்னிச்சிக்கு இடது இடுப்பில் பச்சை.
விழுந்துகொண்டே அடிப்பானாம்.
முழங்காலில் கோட்டுச் சுண்ணாம்பு,
வினாகிரி விட்டுத் தேய்க்க வேண்டும்.
அவன் ஊரில் சண்டை நடந்த வருஷம்
இருபத்தாறு கோல் என்பார் ஜானரே.
எனக்கு அந்த வருஷம் கைவிளிம்பு:
இரண்டு பக்கமும் பல்லால் கடித்து நார்நாராய்.
நானும் அப்போது இரவிரவாக
ஒரு தொலைபேசிக்குக் காத்திருந்தவள்.
கேட்கவில்லை. தைத்துக் கொடுத்தேன்.
அடுத்த கிழமையும் தைத்தேன்.

முவாம்பாவிடம் கறையே இல்லை.
பந்து வரப்போகும் இடத்தில்
அதற்கு முன்னமே வந்து நிற்பானாம்;
பிறகு ஏன் விழ வேண்டும்?
செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர் மணிகள் மட்டும்
வடிகட்டியில், கடுகு கொட்டுப்பட்டது போல.
நெஞ்சுக் கச்சையில் ஒரு சின்னக் கருவி.
ஒருமுறை அதைக் கழற்ற மறந்து போட்டுவிட்டான்.
அறுபது பாகையில் நாற்பது நிமிடம்
மெஷினுக்குள் அவன் பதினோராயிரம் மீற்றர்
ஓடியதாகப் பதிவு.
அந்தப் பருவத்தில் அதுதான் அதிகம்
என்று பயிற்சியாளர் இன்னும் சிரிக்கிறார்.

பார்ப்பதில்லை என்றேன். ஒருமுறை பார்த்தேன்.
கரண்ட் போய் மெஷின்கள் நின்றுவிட,
கைதுடைத்தபடி மேலே ஏறினேன்.
கடைசி நிமிடம், பெனால்டி, க்ராஸ்னிச்சி.
பந்து கம்பத்துக்கு மேலால் மூடுபனிக்குள் போனது.
விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.
கழகம் ஒரு படி கீழே இறங்கியது.
நான் கண்ட ஒரே உதை அது.

எல்லாரும் போன பிறகு சலவை அறைக்கு வந்தான்.
கவிழ்த்த கூடையில் இருந்தான்.
"மெஷினைப் போடுங்கோ" என்றான், அவனுக்குத் தெரிந்த ஜேர்மனில்.
தோய்க்க ஒன்றும் இல்லை.
வெறும் மெஷினை ஓடவிட்டு
முதுகைக் காட்டிக்கொண்டு மேசு சோடி சேர்த்தேன்.
முழுச் சுற்று. பிழிவது வரை.

இன்று வூத்ரிக் கதவைத் தள்ளித் தலையை நீட்டினார்.
"திருமதி தயாநிதி, நீங்கள் சொல்லுங்கள்.
மூன்று பேரையும் தெரிந்தது உங்களுக்குத்தான்."
"ஆஷ்லிமான்" என்றேன்.
"மேசைக் கழற்றி, நேராகப் புரட்டி
கூடைக்குள் வைத்தவர் அவர் ஒருவர்தான்."
எழுதத் தயாராக நின்ற ஜானரேயின் பேனை
அட்டையில் இடம் தேடியது.
"அப்போ க்ராஸ்னிச்சி?"
"பந்தாகச் சுருட்டி வாசலில் நின்று எறிவான்.
பாதி கூடைக்கு வெளியே."
வூத்ரிக் கதவில் குத்திக் குத்திச் சிரித்தார்.

மற்றதைச் சொல்லவில்லை.
மெஷின் கூப்பிட்டது.